வந்து சேராத பார்சல்: தாமதம் எங்கே பிறக்கிறது, தண்டனை எங்கே விழுகிறது?

(கட்சிக் கல்வி வகுப்பு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பொருளுக்கான பணம் கட்டியாகிவிட்டது. கைபேசித் திரையில் "அனுப்பப்பட்டது" என்ற சொல் தோன்றி ஐந்து நாட்கள் கழிந்துவிட்டன. பொருள் வந்தபாடில்லை. ஆறாம் நாள் நண்பகலில், முதுகில் பெரிய பையைச் சுமந்த இளைஞர் ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். ஐந்து நாட்களாகச் சேர்ந்த கோபம் முழுவதும் அவர் தலையில் இறங்குகிறது. அவர் மறுமொழி கூறுவதில்லை. கூறினால் வாடிக்கையாளர் தரும் மதிப்பெண் குறையும். மதிப்பெண் குறைந்தால் நாளைய வேலை குறையும். உண்மையில் அந்தப் பார்சல் அவர் கைக்கு வந்தது அன்று காலையில்தான். அதற்கு முந்தைய ஐந்து நாட்கள் அது எங்கே கிடந்தது என்பது, வாங்கியவரைப் போலவே அவருக்கும் தெரியாது.

இந்தக் காட்சி நடக்கும் வீடுகளில் கட்சி உறுப்பினர்களின் வீடுகளும் உண்டு. அதனாலேயே இது கல்வி வகுப்பில் பேசத்தக்க பொருளாகிறது. அனுப்பிய சரக்கு ஏன் தாமதமாகிறது? சில வேளைகளில் ஏன் வந்து சேர்வதே இல்லை? அந்தத் தாமதத்தின் விலையைக் கொடுப்பவர் யார்? இவ்வுரையின் முடிவை முதலிலேயே கூறிவிடலாம். தாமதம் பெரும்பாலும் மேலே பிறக்கிறது. தண்டனை கீழே விழுகிறது. இடையில் உள்ள படிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இது விளங்கும்.

"அனுப்பப்பட்டது" என்ற சொல்லின் பொருள்

முதல் படி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. விற்பனையாளர் முகவரிச் சீட்டை அச்சிட்டு, அதற்கு ஓர் எண் உருவானவுடனே பல நிறுவனங்களின் கணினி "அனுப்பப்பட்டது" என்று அறிவித்துவிடுகிறது. பொருள் இன்னும் கடையின் அலமாரியில் இருக்கலாம். எடுத்துச் செல்லும் வண்டி மறுநாள் வரலாம். குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் அனுப்பாவிட்டால் அபராதம் என்று சிறு விற்பனையாளர்களை இணைய நிறுவனங்கள் நெருக்குகின்றன. எனவே விற்பனையாளர் முதலில் சீட்டை அச்சிடுகிறார், பிறகு சரக்கைத் தேடுகிறார். திரையில் ஓடும் கடிகாரமும் சரக்கு ஓடும் கடிகாரமும் தொடக்கத்திலேயே வேறு வேறாகிவிடுகின்றன.

அதன் பின்னர் அந்தப் பார்சல் நேராக வீட்டுக்கு வருவதில்லை. உள்ளூர்ச் சேகரிப்பு மையம், பெருநகரத்துப் பிரிப்பு மையம், நெடுந்தூர லாரி, மறுமுனைப் பிரிப்பு மையம், பகுதிக் கிளை, கடைசியாக இருசக்கர வாகனம் என்று கை மாறுகிறது. பக்கத்து மாவட்டத்துக்குப் போக வேண்டிய பொருளும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள மையத்துக்குச் சென்று திரும்புவதுண்டு. ஒவ்வோர் இடத்திலும் அதை இறக்க வேண்டும், வருடியால் படிக்க வேண்டும், பிரிக்க வேண்டும், மூட்டையில் கட்ட வேண்டும், மீண்டும் ஏற்ற வேண்டும். ஓரிடத்தில் வருடி படிக்காமல் விட்டால் பார்சல் கணினியின் பார்வையிலிருந்து மறைந்துவிடும். மூட்டை தவறான லாரியில் ஏறினால் அது வேறு மாநிலத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். முகவரிச் சீட்டு மழையில் நனைந்து கிழிந்தால் பார்சல் உரிமையாளர் அற்ற பொருளாகிக் கிடங்கின் மூலையில் தங்கிவிடும்.

இந்தப் படிகள் ஒரே நிறுவனத்தின் கீழ் இருப்பதும் அரிது. விற்பவர் ஒருவர், கிடங்கை நடத்துபவர் இன்னொருவர், அங்கு ஆட்களைத் தருபவர் ஓர் ஒப்பந்தக்காரர், லாரி வேறொருவருடையது, கடைசி மைலைக் கடப்பவரோ எவருக்குமே "தொழிலாளி" அல்லாத "பங்குதாரர்". செலவைக் குறைக்கவும் பொறுப்பைத் தட்டிக் கழிக்கவும் மூலதனம் இந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறது. பார்சல் தொலையும் இடம் பெரும்பாலும் இந்தத் துண்டுகளுக்கு இடையிலான இடுக்குதான்.

இடம் மாற்றுவதும் உற்பத்தியே

மார்க்ஸ் இதை முன்னரே ஆராய்ந்திருக்கிறார். அவர் மறைவுக்குப் பின் எங்கெல்ஸ் 1885இல் வெளியிட்ட மூலதனத்தின் இரண்டாம் தொகுதியில், போக்குவரத்துத் தொழில் தனி இடம் பெறுகிறது. வாங்குவதும் விற்பதும் கணக்கெழுதுவதும் மதிப்பைப் படைப்பதில்லை. ஆனால் சரக்கை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு சேர்ப்பது உற்பத்தி நிகழ்வின் தொடர்ச்சியாகும், அங்கே செலவிடப்படும் உழைப்பு சரக்கின் மதிப்பில் சேர்கிறது என்பது அவர் முடிவு. சூரத்தில் நெய்த துணி குவாஹாட்டியில் உள்ளவருக்கு அங்கே வந்து சேரும்போதுதான் பயன்படும் துணியாகிறது. எனவே லாரி ஓட்டுநரும் கிடங்குத் தொழிலாளியும் தபால்காரரும் டெலிவரி தொழிலாளியும் உற்பத்தியின் கடைசிக் கண்ணிகள்.

சரக்கு பாதையில் கிடக்கும் நேரம் மூலதனம் உறங்கும் நேரம் என்பதும் அதே தொகுதியில் விளக்கப்படுகிறது. அந்த நேரத்தைக் குறைக்க மூலதனம் எப்போதும் துடிக்கிறது. குறைக்க இரண்டு வழிகள் உண்டு. சாலை, இருப்புப்பாதை, கிடங்கு, போதிய ஆட்கள் ஆகியவற்றில் முதலீடு செய்வது ஒன்று. இருக்கும் தொழிலாளியை இன்னும் விரட்டுவது மற்றொன்று. முதல் வழிக்குப் பணம் வேண்டும்; இரண்டாவது வழிக்கு வேலையின்மை போதும். இந்தியாவில் எந்த வழி தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதைச் சாலையும் கிடங்கும் சொல்கின்றன.

முகவரி என்னும் உரிமை

அதற்கு முன் முகவரியைப் பற்றிச் சில சொற்கள். இந்தியாவில் ஒரே பெயருடைய ஊர்கள் பல. பிலாஸ்பூர் சத்தீஸ்கரிலும் உண்டு, இமாசலப் பிரதேசத்திலும் உண்டு. ஹமீர்பூர் உத்தரப் பிரதேசத்திலும் உண்டு, இமாசலத்திலும் உண்டு. பல மொழிகளில், பல எழுத்துகளில் எழுதப்படும் முகவரிகளைப் பிரிக்க உதவும் வகையில் 1972 ஆகஸ்ட் 15 அன்று ஆறு இலக்கப் பின்கோடு நடைமுறைக்கு வந்தது. முதல் மூன்று இலக்கங்கள் பிரிப்பு மாவட்டத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் காட்டும். பொதுத்துறை உருவாக்கிய இந்த எண்ணின் மீதே இன்றைய தனியார் கூரியர் நிறுவனங்கள் அனைத்தும் நிற்கின்றன.

இருப்பினும் பின்கோடு அஞ்சலகம் வரைதான் வழிகாட்டும். வீடு வரை அல்ல. கிராமப்புறத்தில் ஒரே எண்ணின் கீழ்ப் பல சிற்றூர்கள் அடங்கும். நகரத்துக் குடிசைப் பகுதிகளில் தெருப் பெயரும் கதவு எண்ணும் இல்லை. "கோயிலுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில்" என்பதே முகவரி. குடியிருப்பை அங்கீகரிக்க மறுக்கும் மாநகராட்சி, அங்கு வாழ்பவருக்கு முகவரியையும் மறுக்கிறது. அதன் விளைவாக நிறுவனங்களின் கணினியில் அந்தப் பகுதி "சேவை இல்லை" என்று குறிக்கப்படுகிறது. 2025 மே மாதம் அஞ்சல்துறை, ஐஐடி ஹைதராபாத், இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் ஆகியவை உருவாக்கிய டிஜிபின் என்னும் பத்து எழுத்துக் குறியீடு அறிமுகமானது. நாட்டை ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு தரும் முறை இது. பயனுள்ள கருவிதான். ஆனால் பட்டா இல்லாத குடிசைக்கு இடம் குறிக்கும் எண் கிடைப்பதாலேயே வாழும் உரிமை கிடைத்துவிடாது.

கிடங்கு, லாரி, ரயில்

பண்டிகைக் காலத் தள்ளுபடி விற்பனையில் தாமதம் மிகுவதை அனைவரும் அறிவர். சில நாட்களில் பல மடங்கு பார்சல்கள் குவியும் என்பது நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரியும். விளம்பரம் செய்வதே அதற்காகத்தான். இருந்தும் நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கை மிகக் குறைந்த அளவிலேயே வைக்கப்படுகிறது. கூடுதல் சுமை தற்காலிகத் தொழிலாளர்கள் மீதும் நீட்டப்பட்ட வேலை நாள் மீதும் ஏற்றப்படுகிறது. 2024 ஜூன் மாதம், கடும் வெயிலின் நடுவே, ஹரியானாவின் மானேசரில் உள்ள பன்னாட்டு இணைய வணிக நிறுவனம் ஒன்றின் கிடங்கிலிருந்து வந்த செய்தி நினைவிருக்கும். ஆறு லாரிகளின் சரக்கை இறக்கி முடிக்கும் வரை கழிப்பறைக்கோ தண்ணீருக்கோ செல்வதில்லை என்று தொழிலாளர்கள் உறுதிமொழி எடுக்க வைக்கப்பட்டனர் என்பதே அச்செய்தி. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து ஒன்றிய அரசுக்கு அறிவிப்பு அனுப்பியது. திரையில் தெரியும் "நாளைக்குள் கிடைக்கும்" என்ற வாக்குறுதியின் மறுபக்கம் இதுதான்.

கிடங்கை விட்டு வெளியேறிய சரக்கில் பெரும்பகுதி சாலையில் செல்கிறது. நாட்டின் சரக்குப் போக்குவரத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு லாரிகளின் கையில் உள்ளது. முழுச் சுமை சேராமல் லாரி கிளம்பினால் நட்டம். எனவே சுமை சேரும் வரை பார்சல் காத்திருக்கும். கிளம்பிய பிறகு அந்தக் காத்திருப்பை ஓட்டுநர் தன் உறக்கத்தைக் கொடுத்து ஈடு செய்ய வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வரையறுத்தது. நெடுஞ்சாலையில் அந்தச் சட்டத்தைக் கண்டவர் எவரும் இலர். விபத்து நேர்ந்தால் மட்டும் சட்டம் ஓட்டுநரைத் தேடி வருகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, விபத்தை அறிவிக்காமல் சென்றுவிடும் ஓட்டுநருக்கு 10 ஆண்டு வரை சிறை என்றது. அதை எதிர்த்து 2024 ஜனவரி முதல் நாட்களில் லாரி ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினர். இரண்டே நாட்களில் பல மாநிலங்களில் பெட்ரோல் நிலையங்களின் முன் நீண்ட வரிசைகள் நின்றன. அரசு பேச்சுவார்த்தைக்கு வந்தது. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. நாட்டை நகர்த்துபவர் யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

ரயில் ஏன் இந்தச் சுமையைத் தாங்கவில்லை? ஒரு காலத்தில் நாட்டின் சரக்கில் பெரும்பகுதியை ரயில்தான் சுமந்தது. ஒரு பெட்டி, அரைப் பெட்டி, சில மூட்டைகள் என்று சிறு வணிகர் கொண்டு வந்த சரக்கையும் ரயில் நிலையம் ஏற்றுக்கொண்டது. எண்பதுகளிலிருந்து முழு ரயில் சுமைக்கே முன்னுரிமை என்ற கொள்கை வலுப்பெற்றது. நிலக்கரி, இரும்புத் தாது, சிமெண்ட் எனப் பெருநிறுவனச் சரக்குகள் ரயிலில் தங்கின. சிறு சரக்குகள் சாலைக்குத் தள்ளப்பட்டன. பயணிகள் ரயிலும் சரக்கு ரயிலும் ஒரே பாதையைப் பகிர்வதால் சரக்கு ரயில் கிளைப் பாதைகளில் ஒதுங்கி நிற்கிறது; அதன் சராசரி வேகம் பல ஆண்டுகளாக மணிக்கு 25 கிலோமீட்டரை ஒட்டியே உள்ளது. இதற்கு மாற்றாகத் திட்டமிடப்பட்ட தனிச் சரக்குப் பாதைகளில் கிழக்குத் தடம் லூதியானாவிலிருந்து பீகாரின் சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டர். மேற்குத் தடம் தாத்ரியிலிருந்து ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கிலோமீட்டர். இரண்டும் முதலில் குறித்த காலத்தைப் பல ஆண்டுகள் கடந்தன. புல்லட் ரயிலுக்குக் கிடைத்த விளம்பரம் இவற்றுக்குக் கிடைக்கவில்லை.

கடலில் நிற்கும் சரக்கு

அயல்நாட்டு வணிகத்துக்கு வந்தால் காட்சி இன்னும் பெரிதாகிறது. 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் என்னும் 400 மீட்டர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கியது. ஆறு நாட்கள் கால்வாய் அடைபட்டது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் இருபுறமும் காத்து நின்றன. அந்தக் கப்பலின் உரிமை ஜப்பானில், இயக்கும் நிறுவனம் தைவானில், கொடி பனாமாவினுடையது, தொழில்நுட்ப மேலாண்மை ஜெர்மன் நிறுவனத்திடம். கப்பலில் இருந்த மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். விடுவிக்கப்பட்ட பிறகும் இழப்பீட்டுத் தகராறு தீரும் வரை, ஜூலை 7 வரை, கப்பல் எகிப்திலேயே தடுத்து வைக்கப்பட்டது. உரிமையாளர் நிறுவனம் "பொதுச் சராசரி" என்னும் பழைய கடல் வணிக வழக்கத்தை அறிவித்தது. மீட்புச் செலவைச் சரக்கின் சொந்தக்காரர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் பொருள். சரக்கு மாதக்கணக்கில் தாமதமானவரே தாமதத்துக்கான கட்டணத்திலும் பங்கு செலுத்த வேண்டியதாயிற்று.

அதற்கு முந்தைய ஆண்டில், பெருந்தொற்றின்போது, துறைமுகங்கள் மாலுமிகளை இறங்க விடவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் உலகெங்கும் சுமார் 4 லட்சம் கடல் தொழிலாளர்கள் கப்பல்களில் சிக்கியிருந்தனர். காஸா மீதான போரின் தொடர்ச்சியாக 2023 நவம்பருக்குப் பின் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பெரும் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கின. பயணம் ஏறத்தாழ இரண்டு வாரம் நீண்டது. வாடகை பல மடங்கு ஏறியது. 2025 மே 25 அன்று விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற லைபீரியக் கொடியுடைய எம்எஸ்சி எல்சா 3 கப்பல், 640 சரக்குப் பெட்டகங்களுடன் கேரளக் கடலில் மூழ்கியது. அதிலிருந்த 24 பேரும் மீட்கப்பட்டனர். பெட்டகங்களிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் கேரளக் கரையிலும் தமிழகத்தின் தென்கரையிலும் ஒதுங்கின. வலை கிழிந்ததும் கடலுக்குச் செல்ல முடியாமல் நின்றதும் மீனவர்கள். அவர்கள் எந்தச் சரக்கையும் கேட்டவர்கள் அல்லர்.

இந்த நெருக்கடிகளின்போது அரசின் கையில் கப்பல் இருந்ததா? 1961இல் நிறுவப்பட்ட பொதுத்துறைக் கப்பல் கழகத்தை விற்க 2019 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 செப்டம்பரில் பாவ்நகரில் பேசிய பிரதமரே, நாட்டின் வணிகத்தில் 5 விழுக்காடு மட்டுமே இந்தியக் கப்பல்களில் செல்கிறது என்றும், அயல்நாட்டுக் கப்பல் நிறுவனங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் கோடி ரூபாய் செல்கிறது என்றும் கூறினார். நோயைச் சரியாகச் சொன்னவர், மருந்தாக இருந்திருக்க வேண்டிய கழகத்தை விற்பனைப் பட்டியலில் வைத்திருக்கும் அரசின் தலைவர் என்பதுதான் முரண்.

அஞ்சல்துறையின் நிலை

பொதுத்துறை என்பதால் அஞ்சலகத்தில் தாமதமே இல்லை என்று கூறினால் தோழர்களே நம்பமாட்டார்கள். கட்சி வார இதழ் எந்த நாளில் கையில் கிடைக்கிறது என்பதை ஒவ்வொரு வாசகரும் அறிவார். ஏறத்தாழ 1,64,000 அஞ்சலகங்கள், அவற்றில் பத்தில் ஒன்பது கிராமப்புறத்தில் என்பது உலகில் வேறு எங்கும் இல்லாத வலைப்பின்னல். அதைத் தாங்கி நிற்பவர்கள் சுமார் இரண்டரை லட்சம் கிராமப்புற அஞ்சல் ஊழியர்கள். பகுதி நேர ஊழியர் என்ற பெயரில், முழு ஊதியமும் முறையான ஓய்வூதியமும் இன்றி அவர்கள் வேலை வாங்கப்படுகின்றனர். காலிப் பணியிடங்கள் நிரப்பப்படாமல், பிரிப்பு அலுவலகங்கள் இணைக்கப்பட்டுக்கொண்டே சென்றால் மூட்டைகள் தேங்காமல் என்ன செய்யும்? 2025 ஆகஸ்டில் புதிய கணினி மென்பொருளுக்கு மாறியபோது பல அஞ்சலகங்களில் பணிகள் தடைபட்டன. வரிசையில் நின்றவர்களின் வசவைக் கேட்டவர்கள் கவுண்டரில் இருந்த ஊழியர்கள். அதே ஆண்டில் பதிவு அஞ்சல் தனிச் சேவையாக இல்லாமல் விரைவு அஞ்சலுடன் இணைக்கப்பட்டது.

அதே நாட்களில் வேறொரு தடையும் வந்தது. 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த சுங்க விலக்கை அமெரிக்க அரசு 2025 ஆகஸ்ட் 29 முதல் நீக்கியது. வரியை யார் வசூலிப்பது, எப்படிச் செலுத்துவது என்ற நடைமுறை வகுக்கப்படாததால் விமான நிறுவனங்கள் அஞ்சல் சரக்கை ஏற்க மறுத்தன. ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்கான பார்சல் சேவையை அஞ்சல்துறை நிறுத்தியது. அக்டோபர் 15 அன்றுதான் மீண்டும் தொடங்க முடிந்தது. பெரிய ஏற்றுமதியாளருக்குத் தனியார் கூரியரும் சுங்க முகவரும் இருந்தனர். அஞ்சலகத்தை மட்டும் நம்பிய கைவினைஞருக்கும் சிறு விற்பனையாளருக்கும் ஏழு வாரங்கள் கதவு மூடியிருந்தது. வாஷிங்டனில் இட்ட ஒரு கையெழுத்து ஜெய்ப்பூரில் கட்டி வைத்த பார்சலை நிறுத்தியது. ஏகாதிபத்தியம் என்ற சொல்லை விளக்க இது போதும்.

வாசலில் நிற்பவர்

இனி அந்த இளைஞரிடம் திரும்பலாம். நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21இல் 77 லட்சமாக இருந்த கிக் தொழிலாளர் எண்ணிக்கை 2029-30இல் 2.35 கோடியாக உயரும் என்று மதிப்பிட்டது. அவர்களில் டெலிவரி தொழிலாளர்களுக்குப் பெரும்பாலும் பார்சல் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. பெட்ரோல் அவருடையது, வண்டி அவருடையது, தவணை அவருடையது. பூட்டிய வீட்டின் முன் காத்து நின்ற நேரத்துக்குக் கூலி இல்லை.

"வந்தோம், வீட்டில் ஆள் இல்லை" என்று யாரும் வராமலேயே செய்தி வருவதுண்டு. இது உண்மை, மறைப்பதற்கில்லை. ஆனால் ஒருவர் ஒரு நாளில் கொடுத்து முடிக்க முடியாத எண்ணிக்கையைக் காலையில் பையில் திணித்துவிட்டு, மாலையில் மீதம் இருந்தால் பணம் பிடிப்போம் என்னும் கணினிக்கு, அவர் அளிக்கக்கூடிய ஒரே தற்காப்பு அந்தப் பொய். பொய்யை எழுத வைப்பது இலக்கு. பழியை ஏற்பது தொழிலாளி.

மறுபுறம், பெருநகரத்தின் வசதியான பகுதிகளில் 10 நிமிடத்தில் டெலிவரி என்ற போட்டி நடந்தது. வாங்கும் சக்தி குவிந்த இடத்தில் நிமிடக் கணக்கு. பழங்குடிக் கிராமத்துக்குப் போகும் மருந்துக்கு வாரக் கணக்கு. 2025 டிசம்பர் 25, 31 ஆகிய நாட்களில் நாட்டின் பல நகரங்களில் டெலிவரி தொழிலாளர்கள் செயலியை அணைத்து வேலைநிறுத்தம் செய்தனர். அடுத்த மாதமே ஒன்றியத் தொழிலாளர் அமைச்சர் தலையிட வேண்டியதாயிற்று. "10 நிமிடம்" என்ற விளம்பரத்தை நிறுவனங்கள் கைவிடத் தொடங்கின. விளம்பரம் போனது, விரட்டும் கணினி அங்கேயே இருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காட்டை நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. ஆனால் அவர்களைத் தொழிலாளர்கள் என்று ஏற்கவில்லை. குறைந்தபட்சக் கூலியும் வேலை நேர வரம்பும் அவர்களுக்கு எட்டவில்லை.

தொலைந்தால் யார் பொறுப்பு?

1990ஆம் ஆண்டுக் கோடைப் பருவத்துக்கான ஆடைகளை ஜெர்மனிக்கு அனுப்பிய பின்னலாடை நிறுவனம் ஒன்று, சரக்குக்கான ஆவணங்களைப் பன்னாட்டுக் கூரியர் வழியாக அனுப்பியது. ஆவணங்கள் சென்று சேரவில்லை. நகல்கள் போய்ச் சேர்வதற்குள் பருவம் முடிந்துவிட்டது. வாங்குபவர் விலையைக் குறைத்தே கொடுத்தார். இழப்பு 4 லட்சம் ரூபாய்க்கு மேல். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1996இல் பாரதி நிட்டிங் வழக்கில் வந்த தீர்ப்பு, கூரியர் சீட்டில் கையெழுத்திட்டவர் அதன் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவர், எனவே இழப்பீடு 100 டாலர் மட்டுமே என்றது. சீட்டின் பின்புறத்து நுண்ணெழுத்துகளுக்கு உள்ள வலிமை இது. அஞ்சல்துறைக்கோ சட்டமே பாதுகாப்பு: 1898ஆம் ஆண்டின் காலனியச் சட்டத்தில் இருந்த பொறுப்பு விலக்கு, 2023ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டத்திலும் பெரும்பாலும் தொடர்கிறது.

ஆயினும் நுகர்வோர் கையில் ஒன்றுமே இல்லை என்பதில்லை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணைய நிறுவனத்துக்குக் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. கோபத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய முகவரிகள் இவையே.

செய்ய வேண்டியவை

இதிலிருந்து கிளைகளுக்குச் சில வேலைகள் எழுகின்றன. முதலாவது, ஒவ்வொரு கிளையும் தன் பகுதியின் பார்சல் மையத்தையும் கிடங்கையும் லாரி நிறுத்தத்தையும் அறிந்திருக்க வேண்டும். அங்கே எத்தனை பேர் வேலை செய்கின்றனர், எத்தனை மணி நேரம், எந்த ஒப்பந்தக்காரரின் கீழ், பூட்டிய வீட்டுக்குப் போன நடைக்குக் கூலி உண்டா என்பவற்றைக் கேட்டுத் தொகுக்க வேண்டும். தொழிற்சங்கம் இந்தக் கேள்விகளிலிருந்துதான் வளரும்.

இரண்டாவது, கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். டெலிவரி தொழிலாளரைத் தொழிலாளராக ஏற்க வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்கும் தோல்வியுற்ற நடைக்கும் கூலி தர வேண்டும். மதிப்பெண்ணை மட்டும் வைத்து வேலையை நிறுத்துவது தடை செய்யப்பட வேண்டும். லாரி ஓட்டுநரின் 8 மணி நேரம் நடைமுறைக்கு வர வேண்டும். அஞ்சல்துறையின் காலிப் பணியிடங்கள் நிரப்பப்பட்டு, கிராமப்புற ஊழியர்கள் நிரந்தரமாக்கப்பட வேண்டும். கப்பல் கழகம் விற்கப்படாமல் விரிவாக்கப்பட வேண்டும். பார்சல் உரிய நாளில் வந்து சேர வேண்டும் என்று விரும்பும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இவை சொந்தக் கோரிக்கைகள். இதை மக்களிடம் எடுத்துச் சொல்வது கடினமன்று. ஏனெனில் காத்திருந்த அனுபவம் எல்லாரிடமும் உண்டு.

மூன்றாவது, மிகச் சிறியது. ஆனால் அதில்தான் வேறுபாடு தெரியும். அடுத்த முறை தாமதமான பார்சலுடன் அந்த இளைஞர் வாசலுக்கு வரும்போது, கட்சி உறுப்பினர் அவருக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து, "இன்று எத்தனை பார்சல்கள்?" என்று கேட்க வேண்டும். புகாரை நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். மதிப்பெண்ணை முழுமையாக அவருக்கு அளிக்க வேண்டும். மேலே பிறந்த தாமதத்துக்குக் கீழே நிற்பவரைத் தண்டிக்கும் வழக்கம், முதலில் தோழர்களின் வாசலில் முடிவுக்கு வரட்டும். அந்த வாசலில் தொடங்கும் உரையாடல் சங்கத்தின் முதல் கூட்டமாக வளரட்டும்.